தமிழ்நாட்டில் கண்ணாடித் தவளை இருக்கா? மூங்கிலுக்குள் முட்டையைக் காவல் காக்கும் 'அப்பா' தவளை பற்றி தெரியுமா?

வயிற்றுப் பக்கம் பார்த்தால் இதயம் துடிப்பது தெரியும். குடல் தெரியும். கல்லீரல் தெரியும். 'கண்ணாடித் தவளை' வீடியோ ஒன்று சமூக வலைத்தளங்களில் சுற்ற ஆரம்பித்தால், கீழே கமென்ட்டில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "இது நம்ம ஊர் மலையில இருக்கா?"

இதற்குப் பதில், இல்லை. ஆனால் அதற்கு இணையாக வியக்க வைக்கும் ஒரு தவளை, நெல்லை மாவட்டத்து மலைக்காட்டில் இருக்கிறது. நூறாண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்த தவளை அது. குட்டையில் முட்டையிடாது, ஓடையிலும் முட்டையிடாது. மூங்கில் தண்டுக்குள் நுழைந்து முட்டையிடும். முட்டைக்குக் காவல் இருப்பது அம்மா கிடையாது, அப்பா!

யார் இந்தத் தவளை? அது வாழும் இடத்துக்கு என்ன ஆபத்து? விரிவாகப் பார்ப்போம்.

கண்ணாடித் தவளை என்றால் என்ன?

கண்ணாடித் தவளைகள் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா நாடுகளில் மட்டும் இருக்கும் ஒரு குடும்பம். மெக்சிகோவில் தொடங்கி ஆண்டிஸ் மலைத்தொடர் வரை சுமார் 160 இனங்கள் இருக்கின்றன. பல இனங்கள் மேகம் தவழும் மலைக்காடுகளில், ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளில் வாழ்கின்றன. முதுகு பச்சை. வயிற்றுத் தோலில் நிறமே கிடையாது.

இதில் பல வருஷமாக ஒரு புதிர் இருந்தது. தோல் கண்ணாடி மாதிரி இருந்தாலும் உள்ளே ஓடும் ரத்தம் சிவப்புதானே? அது எதிரிக்குக் காட்டிக்கொடுத்து விடாதா?

2022 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. பகலில் தூங்கும்போது இந்தத் தவளை தன் ரத்தச் சிவப்பணுக்களில் ஏறக்குறைய 89 சதவீதத்தைக் கல்லீரலுக்குள் ஒதுக்கி வைத்துவிடுகிறது. அதனால் உடல் இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாக ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுகிறது. எழுந்ததும் ரத்தம் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. இத்தனை அணுக்கள் ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தும் ரத்தம் உறைவதில்லை என்பதுதான் மருத்துவ ஆய்வாளர்களை இதன் பக்கம் திருப்பியிருக்கிறது.

கண்ணாடித் தவளைகளிடம் இன்னொரு குணமும் உண்டு. பல இனங்களில் இலையில் இட்ட முட்டைகளைக் காப்பது ஆண் தவளைதான். பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்கும். இந்தக் குணம் நம்ம நெல்லைத் தவளையிடமும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு பெருங்கடல், அதுபோக வேறு வேறு குடும்பம்.

நெல்லை மலையில் இருப்பது யார்?

ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் 'வெண்புள்ளி புதர்த் தவளை'. அறிவியல் பெயர் ராவோர்செஸ்டெஸ் சலாசோடெஸ். இதில் முதல் பாதி, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பணியாற்றிய இந்தியத் தவளை ஆய்வு முன்னோடி சி.ஆர்.நாராயண ராவ் நினைவாக 2010-ல் வைக்கப்பட்டது. இரண்டாம் பாதி, ஆலங்கட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது.

உடல் நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். ஐந்து ரூபாய் நாணயத்தின் மேல் உட்கார வைத்தால் சரியாக இருக்கும். பளீர் பச்சை நிறம், தொடையில் சாம்பல் கலந்த நீலம். கறுப்புக் கண்மணியில் பொன்னிறத் திட்டுகள் இருக்கும். இது தவளைகளில் அபூர்வமான அடையாளம். பகல் முழுக்க மூங்கிலுக்குள் ஒளிந்திருந்து, இரவில்தான் நடமாடும்.

இது வாழும் இடம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உயரமான மழைக்காடுகள். 1988-ல் அறிவிக்கப்பட்ட இது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மழைச் செய்திகளில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று பெயர்கள் வருமே, அந்தப் பகுதி மலைகள்தான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே நன்றாகக் கிடைக்கும். வருஷத்தில் பல மாதங்கள் மேகமும் மூடுபனியும் காட்டை ஈரமாகவே வைத்திருக்கும். தாமிரபரணி பிறப்பதும் இந்த மலைத்தொடரில்தான்.

நூறாண்டுக்கு மேல் எங்கே போனது?

1876-ல் லண்டனில் இருந்த விலங்கியல் அறிஞர் ஆல்பர்ட் குந்தர் இந்தத் தவளையை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். திருவிதாங்கூர் பகுதியில் இருந்து போன மாதிரியை வைத்து அவர் எழுதினார். கடைசியாக இது காணப்பட்ட ஆண்டு என்று பதிவாகியிருப்பது 1874. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

2010 நவம்பரில் டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி.பிஜு தலைமையில் ஒரு தேடல் தொடங்கியது. பல பத்தாண்டுகளாகக் கண்ணில் படாத சுமார் 50 தவளை, நீர்நில வாழ்வி இனங்களை நாடு முழுக்கத் தேடுவது திட்டம். 2011 பிப்ரவரியில் வெளியான முதல் அறிவிப்பில் ஐந்து இனங்கள் 'மறுபடி கிடைத்தவை' பட்டியலில் இருந்தன. அதில் மிக நீண்ட காலம் காணாமல் போயிருந்தது இந்த வெண்புள்ளி புதர்த் தவளைதான்.

ஏன் இத்தனை காலம் சிக்கவில்லை? தவளை தேடுகிறவர்கள் முதலில் ஓடைக்கரையையும் குட்டையையும் பார்ப்பார்கள். பிறகு இலைகளின் மேல் டார்ச் அடிப்பார்கள். மூங்கில் தண்டுக்குள்ளே பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஆவடி பாத்ரூம் தவளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் தவளைச் சத்தம் புதுசு கிடையாது. ஏரிக்கரை, காலி மனை, மழைநீர் தேங்கிய பள்ளம் என எல்லா இடத்திலும் கச்சேரி நடக்கும். நல்ல மழை பெய்ததும் மஞ்சள் மஞ்சளாகப் பெரிய தவளைகள் வயலில் துள்ளுமே, அவை மாட்டுத் தவளையின் ஆண்கள். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் அந்த நிறத்துக்கு மாறும். பெண் தவளை தேங்கிய தண்ணீரில் ஆயிரக்கணக்கில் முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். முட்டையில் இருந்து தலைப்பிரட்டை, தலைப்பிரட்டையில் இருந்து தவளை. நாம் பள்ளிப் பாடத்தில் படித்தது இதைத்தான்.

இன்னொன்று, பாத்ரூம் சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மை அலற விடும் பழுப்பு நிறத் தவளை. பலரும் 'தேரை' என்பார்கள். உண்மையில் அது மரத்தவளை வகை. விரல் நுனியில் இருக்கும் வட்டமான பட்டைகளால் சுவரில் ஏறுகிறது. இது தண்ணீருக்கு மேலே செடியிலோ தொட்டி விளிம்பிலோ நுரைக்கூடு கட்டி, அதற்குள் முட்டையிடும். குஞ்சுகள் பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். தொட்டி ஓரம் சோப்பு நுரை மாதிரி ஏதோ காய்ந்து கிடப்பதைப் பார்த்திருந்தால், அது இதன் வேலையாக இருக்கலாம்.

ஆக, மாட்டுத் தவளைக்கு முழுக்கத் தண்ணீர் வேண்டும். மரத்தவளைக்கு முட்டைக்கு நுரை, குஞ்சுக்குத் தண்ணீர். நெல்லை மலையின் புதர்த் தவளைக்கு இரண்டும் தேவையில்லை. இதற்குத் தலைப்பிரட்டைப் பருவம் வெளியே கிடையாது. முட்டைக்குள்ளேயே எல்லா வளர்ச்சியும் முடிந்து, கை கால் முளைத்த குட்டித் தவளையாகவே வெளியே வரும். தண்ணீர் வேண்டாம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் முட்டையிடலாம் என்று நினைத்தால், அதுவும் இல்லை.

மூங்கிலுக்குள் என்ன நடக்கிறது?

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்கள் கே.எஸ்.சேஷாத்ரி, கே.வி.குருராஜா, டேவிட் பிக்ஃபோர்டு ஆகிய மூன்று ஆய்வாளர்கள். சேஷாத்ரி அப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். இவர்களின் கட்டுரை லண்டன் லின்னேயன் சங்கத்தின் உயிரியல் இதழில் 2015-ம் ஆண்டு வெளியானது. அதுவரை உலகத் தவளைகளில் சுமார் 40 வகை இனப்பெருக்க முறைகள் பதிவாகியிருந்தன. இது அந்தப் பட்டியலில் இல்லாத புது முறை.

மலைக்காட்டு ஓடை ஓரங்களில் நாணல் மாதிரி மெல்லிசாக, புதராக வளரும் ஒரு மூங்கில் வகை இருக்கிறது. கேரளத்தில் 'ஈட்டா' என்பார்கள். கூடை, பாய், தட்டி முடையப் பயன்படும். எல்லா மூங்கிலையும் போல இதற்கும் கணு உண்டு. இரண்டு கணுவுக்கு நடுவே உள்ளே வெற்றிடம். ஒவ்வொன்றும் ஒரு மூடிய அறை மாதிரி.

அந்த அறையின் அடிப்பக்கத்தில் எப்போதாவது ஒரு சிறு பிளவு விழுந்திருக்கும். நீளம் 5 முதல் 10 மில்லிமீட்டர், அகலம் 3 முதல் 4 மில்லிமீட்டர். பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். 25 மில்லிமீட்டர் தவளை உடம்பை நெருக்கிக்கொண்டு அதற்குள் நுழைந்துவிடுகிறது. உள்ளே 5 முதல் 8 வரை முட்டைகள் ஒட்ட வைக்கப்படுகின்றன.

மரங்கொத்தி மாதிரி தானே ஓட்டை போட இந்தத் தவளையால் முடியாது. ஏற்கெனவே பிளவு விழுந்திருக்கும் மூங்கில்தான் வேண்டும். பிளவு பெரிதாக இருந்தால் எதிரி உள்ளே வந்துவிடும், ரொம்பச் சிறிதாக இருந்தால் தானே நுழைய முடியாது. அது இருக்கும் இடமும் முக்கியம். அடிப்பக்கம் இருந்தால்தான் மழைநீர் உள்ளே தேங்காமல் வடியும். தண்டின் மேல்பக்கம் ஓட்டை விழுந்து உள்ளே தண்ணீர் நின்றால், முட்டை மூழ்கிவிடும்.

ஒரு புதரில் நூறு மூங்கில் இருக்கலாம். அதில் இத்தனை பொருத்தமும் சேர்ந்த 'வீடு' சிலதுதான் தேறும்.

இதே முறையில் முட்டையிடும் இன்னொரு தவளையையும் இந்த ஆய்வு பதிவு செய்தது. அது கேரள மலைகளில் இருந்து 2007-ல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட ராவோர்செஸ்டெஸ் ஒக்லாண்ட்ரே. 'ஒக்லாண்ட்ரா' என்பது இந்த மூங்கிலின் அறிவியல் பெயர். அதாவது மூங்கிலின் பெயரையே தவளைக்கு வைத்துவிட்டார்கள்.

அப்பா ஏன் காவல் இருக்கிறார்?

முட்டையிட்டதும் அம்மா தவளை கிளம்பிவிடும். பிறகு எல்லாம் அப்பா பொறுப்பு. மாலை இருட்டியதும் சில மணி நேரம் இரை தேட வெளியே போவதைத் தவிர, மற்ற நேரம் முட்டைகளோடுதான் இருக்கும்.

மூடிய அறை, குறுகிய வாசல். அப்புறம் காவல் எதற்கு? இந்தக் கேள்விக்கு 2018-ல் சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் வெளியிட்ட அடுத்த ஆய்வு பதில் தந்தது. காவல் இருந்த ஆண் தவளைகளைச் சில கூடுகளில் இருந்து அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். அப்பா இல்லாத கூடுகளில் முட்டைகள் பெருமளவில் காணாமல் போயின. முக்கியமான திருடன் பாம்போ பூச்சியோ இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு ஆண் தவளை!

அந்தச் சின்ன வாசலுக்குள் எளிதாக நுழையக்கூடியது, அதே அளவு உடம்பு கொண்ட இன்னொரு புதர்த் தவளைதானே. காவல் இல்லாத கூட்டுக்குள் அது நுழைந்து முட்டைகளைத் தின்றுவிடுகிறது. வயிறும் நிறைகிறது, கிடைப்பதற்கு அரிதான வீடும் காலியாகிறது. 5 முதல் 8 முட்டைகள் மட்டுமே இடும் தவளைக்கு இந்த இழப்பு சாதாரணமானது இல்லை. மாட்டுத் தவளையின் ஆயிரக்கணக்கான முட்டைகளில் பாதி போனாலும் மீதி இருக்கும். இங்கே ஒரு இரவு காவல் தவறினால் அந்தப் பருவத்தின் மொத்த வாரிசும் போய்விடலாம்.

சரி, ஆபத்து எங்கிருந்து வருகிறது?

முதல் ஆபத்து, மூங்கில் வெட்டு. இந்த நாணல் மூங்கில் கூடை, பாய் முடைவதற்கும், கேரளத்தில் காகித ஆலைகளுக்கு மூலப்பொருளாகவும் நீண்ட காலமாக வெட்டப்பட்டு வந்திருக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த மூங்கில் வளரும் எல்லா இடமும் காப்பகத்துக்குள் இல்லை. அளவுக்கு மீறிய வெட்டு இந்தத் தவளைகளைப் பாதிக்கும் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஆய்வு வெளியான சமயத்தில் ஐ.யூ.சி.என் சிவப்புப் பட்டியலில் வெண்புள்ளி புதர்த் தவளை இருந்த இடம் 'அழிவின் விளிம்பில்'.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் இந்தத் தவளையை அழித்துவிட முடியும். ஓடை ஓரப் புதரை மட்டும் சுத்தமாக வெட்டி எடுத்தால் போதும். மேலே இருந்து செயற்கைக்கோள் படம் எடுத்தால் காடு அதே பச்சையாகத்தான் தெரியும். வனப்பரப்பு ஒரு ஏக்கர்கூடக் குறைந்திருக்காது. ஆனால் கீழே ஓட்டை விழுந்த மூங்கில் இருக்காது, தவளையும் இருக்காது. 'காட்டின் பரப்பு எவ்வளவு' என்று மட்டும் கேட்டால் இது எந்தக் கணக்கிலும் வராது.

அதற்காகக் கூடை முடைகிறவர்களை வில்லனாக்க வேண்டியதில்லை. மொத்தமாக மழித்து எடுப்பதும், தேவைக்கு ஏற்பச் சில தண்டுகளை மட்டும் எடுப்பதும் ஒன்றில்லை. தவளை முட்டையிடும் மாதங்களில் வெட்டாமல் இருப்பது, ஒவ்வொரு புதரிலும் ஒரு பகுதியை விட்டு வைப்பது போன்ற ஏற்பாடுகளுக்கு இடம் இருக்கிறது. அதற்கு எந்த மூங்கிலில் தவளை இருக்கிறது, எப்போது இருக்கிறது என்ற தகவல் முதலில் வேண்டும். இந்த மாதிரி ஆய்வுகளின் பயன் அங்கேதான் வருகிறது.

இரண்டாவது ஆபத்து, வெப்பமும் வறட்சியும். தண்ணீரில் கிடக்கும் முட்டைக்கு ஈரம் தானாகக் கிடைக்கும். தண்டுக்குள் இருக்கும் முட்டைக்குக் காற்றில் இருக்கும் ஈரப்பதம்தான் கதி. மலையில் மேகம் தங்குவது குறைந்தால் இந்த மாதிரி தவளைகள் முதலில் அடி வாங்கும். 2023-ல் 'நேச்சர்' இதழில் வந்த உலக அளவிலான மதிப்பீட்டின்படி, தவளை உள்ளிட்ட நீர்நில வாழ்விகளில் 41 சதவீத இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன. முதுகெலும்புள்ள விலங்குகளில் வேறு எந்தப் பிரிவும் இவ்வளவு மோசமான நிலையில் இல்லை. பருவநிலை மாற்றம் இதில் வேகமாக வளர்ந்து வரும் காரணம் என்றும் அந்த ஆய்வு சொன்னது.

போய்ப் பார்க்க முடியுமா?

நேரடியாகச் சொன்னால், சுற்றுலாப் பயணிகளுக்கு வாய்ப்பு இல்லை. இது புலிகள் காப்பகம். ஆய்வாளர்களே வனத்துறை அனுமதி வாங்கித்தான் இரவில் காட்டுக்குள் வேலை செய்ய முடியும். மூங்கிலைப் பிளந்து பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்றால், பார்க்காமல் இருப்பதே நல்லது.

பொதுவாக எந்தத் தவளையையும் கையில் எடுத்துப் படம் பிடிப்பது நல்ல பழக்கம் இல்லை. தவளை தோல் வழியாகவும் சுவாசிக்கும், தோல் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சும். நம் கையில் இருக்கும் கொசு விரட்டி க்ரீம், சானிடைசர், உப்பு எல்லாம் அதன் உடலுக்குள் போகும். 'கண்ணாடித் தவளை மாதிரி வயிறு தெரியுதா' என்று திருப்பிப் பார்க்க ஆசைப்பட்டால் பாதிப்பு தவளைக்குத்தான்.

சென்னையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நெல்லை மலை தூரம். ஆனால் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் சுற்றுவட்டாரம் எல்லாம் பக்கம்தான். இங்கே இருக்கும் தவளைகள் அபூர்வ இனங்கள் கிடையாது. ஆனால் அவற்றின் பிரச்னையும் ஏறக்குறைய இதேதான். அவை முட்டையிடுவது பெரும்பாலும் ஏரியின் ஆழத்தில் இல்லை. கரையோரப் புல், தேங்கிய பள்ளம், சில வாரம் மட்டும் நிற்கும் மழைத்தண்ணீர் ஆகியவற்றில்தான். ஏரிக்கு நான்கு பக்கமும் கான்கிரீட் கரை கட்டி நடைபாதை போட்டால் ஏரி அழகாகத் தெரியும், தண்ணீர் அளவும் குறையாது. தவளைக்கு முட்டையிட இடம் மட்டும் இருக்காது.

* மழை இரவில் வீட்டுப் பக்கம் கேட்கும் சத்தத்தை மொபைலில் பதிவு செய்து 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற செயலியில் போடலாம். எந்தத் தவளை என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அது ஆய்வாளர்களுக்குத் தகவலாகவும் சேரும்.

* பாத்ரூமுக்குள் மரத்தவளை வந்தால் உப்பு, ஆசிட் ஊற்ற வேண்டாம். விஷம் கிடையாது, கடிக்காது. ஒரு டப்பாவால் மூடி, அட்டையைக் கீழே செருகி, செடிப் பக்கம் விட்டால் போதும்.

* தொட்டி ஓரம் நுரைக்கூடு தெரிந்தால், முடிந்தால் சில நாள் கழுவாமல் விடலாம். குஞ்சுகள் இறங்கியதும் அதுவே காய்ந்துவிடும்.

* குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஏரிக்கரை மேம்பாடு பற்றிப் பேச்சு வந்தால், ஒரு பக்கமாவது புல்லும் மண்ணுமாகக் கரையை விட்டு வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.